தண்டவாள வேலைக்கு வெளிநாடு போகிறீர்களா? குறைந்தபட்சச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

செய்துங்கநல்லூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கத்தாரில் மெட்ரோ லைன் பராமரிப்பு வேலை, விசா கம்பெனியே எடுத்துக் கொடுக்கிறது. "மாமா, சம்பளம் 1,800 ரியாலாம். நம்ம காசுக்கு நாப்பதாயிரத்துக்கு மேல வருது" என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

தாளை வாங்கிப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் 1,000. தங்குமிடத்துக்கு 500. சாப்பாட்டுக்கு 300. கூட்டினால் 1,800 சரிதான். ஆனால் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனியே கொடுக்கும், அதனால் அந்த இரண்டு தொகையும் பணமாகத் தரப்படாது. கையில் வருவது 1,000 ரியால்தான். ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய்.

இந்த 1,000, 500, 300 என்ற மூன்று எண்களும் கத்தார் சட்டத்தில் உள்ள குறைந்தபட்சம். 2020-இல் போட்ட சட்டம், 2021 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த நாட்டுக்காரரானாலும் எந்த வேலையானாலும் இதற்குக் கீழே போகக் கூடாது. ஆக, அவனுக்குக் கிடைத்தது சட்டம் சொல்லும் தரைமட்டக் கூலி, அதற்கு மேல் ஒரு ரியால்கூட இல்லை. அதற்குத்தான் ஏஜெண்டுக்கு ஒன்றேகால் லட்சம் கொடுக்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தான்.

நான் தண்டவாளப் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜல்லி முழுவதும் அடித்துக்கொண்டு போய், ஸ்லீப்பரோடு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்த லைனை மறுபடி நிமிர்த்திய கைகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். அதே கைகள் வெளிநாட்டுக்குப் போகும்போது மலிவாக விலைபோகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: நீங்கள் போகும் நாடு எந்த வகை?

"குறைந்தபட்சச் சம்பளம்" என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் கிடையாது. மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

சட்டமே எல்லோருக்கும் ஒரே கூலி வைத்திருக்கும் நாடுகள் முதல் வகை. கத்தார் அப்படி. மலேசியாவும் அப்படி. அங்கே 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும் அந்த ஆண்டு ஜூலை முடியும்வரை தவணை கொடுத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். இந்த 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். 1,400 அடிப்படை, 300 அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டினால் அது சட்டப்படி செல்லாது.

வெளிநாட்டவருக்கு என்று குறைந்தபட்சத் தொகை எதையும் சட்டத்தில் எழுதாத நாடுகள் இரண்டாவது வகை. சவுதியும் துபாய், அபுதாபி அடங்கிய அமீரகமும் இந்தக் கணக்கில் வரும். சவுதியில் 4,000 ரியால் என்று ஒரு எண் அடிபடும். அது சவுதிக் குடிமக்களுக்கானது, நமக்கில்லை. "சவுதில மினிமமே நாலாயிரம்ல" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். சிங்கப்பூரிலும் ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. ஆனால் அங்கே வேறு ஒரு பிடி இருக்கிறது, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வகை நாடுகளுக்குப் போகும் நம் ஆட்களுக்கு இந்திய அரசே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பல நாடுகளில் உள்ள இந்தியத் தூதரகம் வேலைவாரியாகக் குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளம் என்று ஒரு பட்டியல் போடுகிறது. குடியகல்வு அனுமதி வேண்டிய பாஸ்போர்ட்காரர்களின் (பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள்) ஒப்பந்தத்தில் சம்பளம் அதற்குக் கீழே இருந்தால் அனுமதி கிடைக்காது. 2020-இல் வளைகுடா நாடுகளுக்கு இந்தத் தொகையை மத்திய அரசு குறைத்தது. எதிர்ப்பு வந்ததும் 2021-இல் பழைய நிலைக்கே கொண்டுவந்தது. எதிர்த்தால் மாறும் எண் இது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வகையில் விசாவே ஒரு சம்பள வரம்பு கேட்கும். இங்கிலாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 21 வயது நிரம்பியவருக்குச் சட்டப்படி குறைந்த கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரலில் 12.71 பவுண்டு. ஆனால் திறன்மிகு தொழிலாளர் விசாவில் போக அது போதாது. 2025 ஜூலை 22 முதல் பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு, அல்லது அந்த வேலைக்கு என்று வைத்திருக்கும் தொகை, இரண்டில் எது அதிகமோ அது. கூடவே, சில விதிவிலக்குப் பட்டியல்கள் தவிர, பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும் என்றும் மாற்றிவிட்டார்கள். ஸ்லீப்பர் பேக்கிங் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுக்குவது) பண்ணுகிற வேலைக்கு "இங்கிலாந்து ஸ்பான்சர் விசா ரெடி, பதினைந்து லட்சம்" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். ஸ்பான்சர் சான்றிதழ் விலைக்கு விற்கும் பொருளே இல்லை. 2024 டிசம்பர் 31 முதல் வாங்கிய சான்றிதழின் கட்டணத்தை முதலாளி தொழிலாளி தலையில் கட்டவும் அங்கே தடை இருக்கிறது.

இரண்டாம் படி: அடிப்படைச் சம்பளத்தைத் தனியாக எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை மட்டும் மேலே எழுதுங்கள். வாய்ச் சம்பளம், "ஓவர்டைமோட சேர்த்து இவ்வளவு வரும்", "போன பேட்ச் பையன் இவ்வளவு அனுப்புறான்" என்பதெல்லாம் அந்தத் தாளில் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓவர்டைம், லீவுச் சம்பளம், வேலை முடிந்து திரும்பும்போது வரும் பணிக்கொடை எல்லாம் பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்துதான் கணக்காகின்றன. கத்தாரிலேயே இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று அந்தப் பையனுடைய "1,800". இன்னொன்று அடிப்படை 1,400, கூடவே கேம்பும் மெஸ்ஸும் இலவசம். கேட்டவுடன் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும்.

கத்தாரில் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. ஓவர்டைமோடு சேர்த்து நாளைக்கு 10 மணிக்கு மேல் போகக் கூடாது. ஓவர்டைமுக்கு அடிப்படையில் குறைந்தது 25 சதவீதம் கூடுதல். இரவு 9 மணிமுதல் விடியற்காலை 3 மணிவரை செய்கிற வேலைக்குக் குறைந்தது 50 சதவீதம் கூடுதல்.

தண்டவாளக்காரருக்கு இந்த இரவுக் கணக்குதான் உயிர். நம் ஊரில் லைன் பிளாக் வாங்கி வண்டி இல்லாத நேரத்தில் வேலை பார்ப்பதுபோல, மெட்ரோவில் கடைசி வண்டி போன பிறகுதான் ஆளை உள்ளே விடுவார்கள். வேலையில் பெரும்பகுதி இரவில்தான்.

அடிப்படை 1,000 என்றால், 30 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 4.17 ரியால். இரவு மணிக்கு 6.25. நாளைக்கு 2 மணி வீதம் 26 நாள், 52 மணி நேரம் இரவு ஓவர்டைம் பார்த்தால் 325 ரியால். ஆக மாதம் கையில் 1,325.

அடிப்படை 1,400 என்றால் மணிக்கு 5.83, இரவு மணிக்கு 8.75. அதே 52 மணிக்கு 455 ரியால். கையில் 1,855.

ஒரே வேலை, ஒரே இருட்டு, ஒரே ஜல்லி. மாதத்துக்கு 530 ரியால் வித்தியாசம். பணிக்கொடையும் அப்படியே: கத்தாரில் ஒரு வருஷ வேலைக்கு மூன்று வார அடிப்படைச் சம்பளம். முதலாமவருக்கு வருஷத்துக்கு 700 ரியால், இரண்டாமவருக்கு 980.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இரவு 50 சதவீதம் என்பது ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்குக் கிடையாது. அமீரகச் சட்டத்திலும் இதே விதிவிலக்கு இருக்கிறது, அங்கே இரவு நேரம் 10 மணிமுதல் 4 மணிவரை. அதனால் ஒப்பந்தத்தில் "ஷிஃப்ட் தொழிலாளி" என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போட்டிருந்தால் இரவுக் கணக்கை மறந்துவிட்டு 25 சதவீதத்தில் கணக்குப் போடுங்கள். சவுதியில் ஓவர்டைம் என்றால் ஒரு மணிக்குரிய சம்பளத்தோடு அடிப்படையில் பாதி கூடுதலாக வர வேண்டும். மலேசியாவில் வாரம் 45 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு.

இந்தக் கணக்கு முடிந்ததும் பக்கத்தில் நம் ஊர்க் கணக்கையும் எழுதுங்கள். ரயில்வே காண்டிராக்ட் வேலைக்கு மாநிலக் கூலி கிடையாது, மத்திய அரசின் கூலி விகிதம்தான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாற்றுவார்கள். 2024 அக்டோபரில் கட்டுமானம், பராமரிப்பு வேலையில் சாதாரணத் தொழிலாளிக்கு ஊர் வகையைப் பொறுத்து நாளைக்கு 523 முதல் 783 ரூபாய்வரை இருந்தது. 26 நாளுக்கு 13,598 முதல் 20,358 ரூபாய். ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் வட்டியையும் கழித்த பிறகு வெளிநாட்டு எண் இதைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். சில நேரம் வித்தியாசம் மனதை உலுக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கும்.

மூன்றாம் படி: விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது?

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தெர்மிட் வெல்டிங் தெரிந்தவர், கிளிப் அடித்து கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கு இடையிலான அகலம்) பார்க்கத் தெரிந்தவர், இருபது பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர், இவர்கள் எல்லோரையும் "லேபர்" என்று ஒரே விசாவில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. தூதரகத்தின் பரிந்துரைச் சம்பளம் வேலைவாரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வெல்டராகப் போய் லேபராக எழுதப்பட்டால் லேபர் சம்பளத்துக்கு மேல் சட்டப்படி கேட்க வழியில்லை. ஐடிஐ சான்றிதழ், காண்டிராக்டரிடம் வேலை பார்த்த கடிதம், வெல்டிங் பயிற்சி அட்டை எது இருந்தாலும் பிரதி எடுத்துக் கொடுத்து, வேலைப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் ஆன பிறகு மாற்றுவது கஷ்டம்.

நான்காம் படி: சிங்கப்பூருக்கு ஐபிஏ கடிதம்

நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் போகிற ஊர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அங்கே குறைந்தபட்சக் கூலி இல்லை என்றேன். அதற்குப் பதிலாக, முதலாளி மனிதவள அமைச்சகத்திடம் உங்கள் மாதச் சம்பளம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்குகிறார். அந்த அனுமதிக் கடிதம்தான் ஐபிஏ. அதில் அடிப்படைச் சம்பளம், நிரந்தர அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன், உங்களுக்குப் புரிகிற மொழியில் அதை உங்களுக்கு அனுப்ப வேண்டும். தமிழில் கேளுங்கள்.

அதில் எழுதிய நிரந்தரச் சம்பளத்தை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமும் அமைச்சகத்துக்குத் தகவலும் தேவை. அதனால் அங்கே போய் இறங்கியதும் நீட்டப்படும் வெற்றுத் தாளிலோ, புரியாத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்துதான் அவர்கள் தேடும் சம்மதம்.

ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. மணிக்கணக்குப் போடும் முறை கொஞ்சம் வேறு: மாத அடிப்படையை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுக்க வேண்டும். அடிப்படை 800 டாலர் என்றால் மணிக்கு 4.20, ஓவர்டைம் மணிக்கு 6.29. மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. சிங்கப்பூர் ஏஜென்சி எடுக்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வெளிநாட்டு ஆள் வைப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி கட்டணத்தை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் கேட்பதும் குற்றம்.

ஐந்தாம் படி: ஏஜெண்டுக்கு எவ்வளவு?

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குக் குடியகல்வு அனுமதி வேண்டிய பாஸ்போர்ட் வரும். கத்தார், சவுதி, அமீரகம், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளம் வழியாக அனுமதி பெற வேண்டும். பலர் இதைத் தொல்லையாக நினைத்து, சுற்றுலா விசாவில் போய்விடப் பார்க்கிறார்கள். அப்படிப் போனால் பரிந்துரைச் சம்பளம் என்ற தடுப்பும் போய்விடும், காப்பீடும் போய்விடும். அந்தக் காப்பீடு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். லைனில் வேலை செய்கிறவன் வீட்டில் இது இல்லாமல் இருக்கக் கூடாது.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 35,400. வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏஜெண்டின் உரிம எண்ணை இமைக்ரேட் தளத்தில் போட்டால் உயிரோடு இருக்கிற உரிமமா என்று தெரிந்துவிடும். ஊருக்குள் பைக்கில் வந்து பாஸ்போர்ட் வாங்கிப் போகும் சப்-ஏஜெண்டுக்கு உரிமம் கிடையாது. அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சட்டம் அதுதான். சவுதியிலும் அமீரகத்திலும் விசா, பெர்மிட் செலவுகளை முதலாளியே ஏற்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பதிவு செய்து வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆறாம் படி: போய் இறங்கிய பிறகு

ஊரில் போட்ட ஒப்பந்தமும் அங்கே நீட்டும் ஒப்பந்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். சவுதியில் உங்கள் ஒப்பந்தத்தை அந்த நாட்டு அரசின் கிவா (Qiwa) இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். புறப்படும் முன் எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து வீட்டில் மனைவிக்கோ அண்ணனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். உங்கள் போன் தொலைந்தாலும் அவர்கள் கையில் இருக்கும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, வேலைக்கு ஏறிய நேரம், இறங்கிய நேரம், எந்த இடம் என்று தினமும் எழுதுங்கள். நான் மேஸ்திரியாக இருந்த காலத்தில் மஸ்டர் (வருகைப் பதிவேடு) எழுதியதுபோலத்தான். சம்பளம் வங்கியில் விழுந்ததும் நோட்டோடு ஒப்பிடுங்கள். கத்தாரில் சம்பள நாள் கழிந்து 7 நாளுக்குள் வங்கி வழியாகப் போட்டாக வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவே ஒரு எச்சரிக்கை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதம் கங்கைகொண்டான் பக்கம் தண்டவாளத்தைத் தொட்டவனுக்கு இரும்பு எப்படிச் சுடும் என்று தெரியும். வளைகுடாவில் அது இன்னும் கொடுமை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணிமுதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை, சவுதியில் அதே நாட்களில் 12 முதல் 3 மணிவரை. தடை நேரத்தில் வேலை வாங்கினால் புகார் செய்யலாம்.

ஏழாம் படி: சம்பளம் வராவிட்டால்

தாமதிக்காதீர்கள். "அடுத்த மாசம் சேத்துத் தரேன்" என்ற பேச்சை ஒரு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். கத்தாரில் தொழிலாளர் தகராறு தீர்ப்புக் குழு இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள். காலம் கடந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

துபாய், ரியாத், ஜெத்தா, கோலாலம்பூர் நான்கு இடங்களிலும் இந்திய அரசின் உதவி மையம் இருக்கிறது. இந்தியாவுக்குள்ளிருந்து 1800113090 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் வீட்டில் இருப்பவர்களே புகார் பதியலாம். நம் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் பிரதி, பாஸ்போர்ட் பிரதி, ஏஜெண்ட் ரசீது, நோட்டுப் பக்கங்களின் போட்டோ நான்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் மனு நகரும். தேடி எடுக்க அப்போது நேரம் இருக்காது, அதனால்தான் முதலிலேயே வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

அந்தப் பையன் விஷயம். ஏஜெண்டின் உரிம எண்ணைக் கேட்டுப் பார்த்தான், எண்ணே இல்லை. பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கவே பதினோரு நாள் ஆனது. இப்போது பதிவு பெற்ற வேறொருவர் மூலம் புதுத் தாள் வந்திருக்கிறது: அடிப்படை 1,350 ரியால், கேம்பும் சாப்பாடும் கம்பெனியுடையது, வேலைப் பெயர் ட்ராக் வெல்டர். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மணிக்கு 5.62, பகல் ஓவர்டைம் 7.03. ஷிஃப்ட் தொழிலாளி என்ற வரி அதில் இருக்கிறதா என்பது மட்டும் ஆங்கிலத் தாளில் தெளிவாகப் புரியவில்லை. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதியிருக்கிறான். அது வந்த பிறகுதான் கையெழுத்து.